சேர்வதற்கு முன் யாரைக் கேட்பது? – மேற்படிப்பு குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்வியாண்டு தொடங்கும் பருவம் என்பதால் மேற்படிப்பு பற்றிய கடிதங்கள் இம்முறை அதிகம். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். மற்றவர்கள் வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க விரும்புகிறவர்கள். அவர்களில் பலர் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் “இந்தப் பட்டம் செல்லுமா?” என்று கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமளித்தது. படிப்பை விற்பவரிடம் கேட்கும் கேள்வியை, அந்தச் சான்றிதழை நாளை கையில் வாங்கிச் சரிபார்க்கப் போகிறவரிடம் முதலில் கேட்டிருந்தால் இக்கடிதங்களில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

கேள்வி: நான் 2009-இல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பட்டயப் பயிற்சியை நேரடியாகப் படித்தேன். பணிக்கு வந்தபின் பி.எஸ்சி. கணிதத்தை அஞ்சல்வழியில் 58 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முடித்தேன். தொலைநிலையில் பி.எட். படித்தால் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்குச் செல்லுமா? வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் வகுப்புக்கே போகாமல் ‘ரெகுலர்’ பி.எட். வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். அதில் சேரலாமா?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முகவரை முதலில் அனுப்பிவிடுங்கள். நேரடிப் பி.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாண்டுப் படிப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள் அதில் உண்டு. அதே நாள்களில் நீங்கள் உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டிருப்பீர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு மாநிலங்களில் இருந்ததாகக் காட்டும் ஆவணங்களை நீங்களே உருவாக்கி, பதவி உயர்வுக்காக அவற்றை நீங்களே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் அது முடியும்.

தொலைநிலைப் பி.எட். செல்லும், அது உங்களைப் போன்றவர்களுக்கென்றே அமைக்கப்பட்ட வழி. பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும் என்பதும், தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவராகவோ, குழுமத்தின் ஏற்புபெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடி முறையில் முடித்தவராகவோ இருக்க வேண்டும் என்பதும் அதற்கான அடிப்படைத் தகுதிகள். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. (பயிற்சி ஏதும் பெறாமல் தனியார் பள்ளியில் பத்தாண்டு பாடம் நடத்தியவர்கள்கூட இதில் சேர முடியாது. இதே கேள்வியை அனுப்பிய மற்ற நால்வருக்கும் இதுவே பதில். அவர்கள் நேரடிப் பி.எட். படிப்பதே வழி.) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இக்னோ என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இப்படிப்பை நடத்துகின்றன. தொலைநிலை என்பதால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பயிலரங்குகளுக்கும் பள்ளிக் கற்பித்தல் பயிற்சிக்கும் நேரில் போயாக வேண்டும். இரண்டாண்டுப் படிப்பை அதிகபட்சம் ஐந்தாண்டுக்குள் முடிக்கலாம். விண்ணப்பிக்கும்போது பொதுப் பி.எட். படிப்பையும் சிறப்புக் கல்விப் பி.எட். படிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கானது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்பின்கீழ் வருவது.

சேர்வதற்கு முன் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், அனுமதிக் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தபோதே, எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் முதுகலையில் சேர்ந்துவிட்டேன். படித்து முடித்துத் தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் பின்னேற்பு ஆணை (முன் அனுமதியின்றிப் படித்ததைப் பின்னர் ஏற்கும் ஆணை) வாங்குவதற்குப் படித்த காலத்தைவிட அதிகக் காலம் பிடித்தது. அதுவரை அந்தப் பட்டம் என் பணிப்பதிவேட்டில் ஏறவில்லை. என்னுடன் படித்தவர் எனக்கு முன்னால் பட்டியலில் இடம்பெற்றார். ஆகவே அனுமதி ஆணை, சேர்க்கைச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், பட்டம், உண்மைத்தன்மைச் சான்று என்று வரிசையாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் ஜனவரி முதல் நாள் நிலவரப்படி தயாராவதால், டிசம்பரில் வரவேண்டிய தேர்வு முடிவு பிப்ரவரியில் வந்தால் ஓராண்டு போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் நிலையில் பி.எட். படிப்பைவிட அவசரமானது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்ச்சியின்றியே பணியில் தொடரலாம் என்றாலும், பதவி உயர்வு கோர முடியாது. மறுசீராய்வு, விலக்கு என்று ஆசிரியர் வட்டாரங்களில் எழும் பேச்சை நம்பித் தயாரிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். இப்போது வகிக்கும் பணிக்கு முதல் தாள். பட்டதாரி ஆசிரியராவதற்கு இரண்டாம் தாள். இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் 60 உங்களுக்குக் கணிதம், அறிவியல் பகுதியிலிருந்து வரும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தப் பகுதியின் அறிவியல் பாதியில்தான். ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் பாடநூல்களை இன்றே எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்த பட்டதாரி ஆசிரியர். முதுகலை ஆசிரியராக வேண்டும். தொலைநிலையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடினம் என்பதால் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கலாம் என்றிருக்கிறேன். ஊக்க ஊதியமாவது கிடைக்கும் அல்லவா?
– ஓர் ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஊக்க ஊதியக் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். உயர்கல்வி முடித்த அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்பு வழங்கப்பட்ட ஊக்க ஊதிய உயர்வு முறை தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. மாதந்தோறும் சம்பளத்தில் சேர்ந்து, ஓய்வூதியம் வரை தொடர்ந்து வந்த பழைய பயனை மனத்தில் வைத்துக்கொண்டு மூத்த ஆசிரியர்கள் சொல்லும் யோசனை இப்போது பொருந்தாது.

எம்.ஏ. ஆங்கிலத்தால் ஆங்கில முதுகலை ஆசிரியராக முடியாது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ, இணையானது என்று அரசாணை ஏற்றுக்கொண்ட பாடத்திலோ இருக்க வேண்டும். ‘கிராஸ் மேஜர்’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்களே, அந்தச் சிக்கலில் நீங்களாகவே போய் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு மாற்றாக ஓராண்டில் இன்னோர் இளங்கலைப் பட்டம் வாங்கி அடித்தளத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; இத்தகைய இரட்டைப் பட்டங்கள் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் இழுத்த கதைகள் உண்டு.

ஆகவே எம்.எஸ்சி. இயற்பியலே படியுங்கள். செய்முறை வகுப்புகளுக்காக மே விடுமுறையையும் தொடர் விடுமுறைகளையும் ஒதுக்க வேண்டிவரும் என்பது உண்மைதான். சேரும் முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்லாமல், அந்த ஆண்டில் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு ஏற்பு இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் மாநில எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம். ஆகையால், தொலைதூர மாநிலம் ஒன்றின் பல்கலைக்கழகப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் எதிரே நடக்கும் ‘ஸ்டடி சென்டர்’ எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 2024 முதல் தொலைநிலைப் படிப்பிலும் இணையவழிப் படிப்பிலும் சேரும் மாணவர் அந்தப் பணியகத்தின் தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை நீங்களே செய்யுங்கள். உங்கள் கடவுச்சொல்லை ஒரு முகவரின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க விடாதீர்கள்.

கேள்வி: எம்.எஸ்சி., பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் பணிபுரிகிறேன். கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளராக விருப்பம். தொலைநிலையில் கிடைக்கும் எம்.ஏ. கல்வியியல் போதுமா, எம்.எட். வேண்டுமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: எம்.எட். படிப்பதே பாதுகாப்பானது. எம்.ஏ. கல்வியியல் என்பது வரலாறு, சமூகவியல் போலக் கல்வியை ஒரு துறையாகப் பயிலும் கலைப்பட்டம். ஆசிரியர் பயிற்சிப் பட்டம் அன்று. கல்வி சார்ந்த தொண்டு நிறுவனம், பாடத்திட்ட உருவாக்கம், ஆய்வு ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு அது நல்ல படிப்பு. 2014 விதிமுறைகளில் தொலைநிலையில் நடத்த வரையறை தரப்பட்டவை தொடக்கக் கல்விப் பட்டயமும் பி.எட். படிப்பும் மட்டுமே. எனவே எம்.எட். படிக்க இரண்டாண்டு வேலையை விட்டு நேரடியாகத்தான் சேர வேண்டியிருக்கும். சேமிப்பைக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: வயது 44. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். பணியில் இருந்தபடியே முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடியுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் 18 மாதத்தில் இணையவழியிலேயே பிஎச்.டி. என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். எம்.ஃபில். முதலில் முடிக்க வேண்டுமா?
– ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எம்.ஃபில். இனி இல்லை; 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளுடன் அது முடிவுக்கு வந்துவிட்டது. முன்பே வாங்கியவர்களின் பட்டத்துக்குப் பாதிப்பில்லை.

அதே விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் வழங்குவதை அனுமதிப்பதில்லை. நீங்கள் பார்த்தது போன்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022-இலேயே சேர்ந்து எச்சரித்திருக்கின்றன. பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று அழைப்பிதழில் போட்டுக்கொள்வதற்கு மட்டும் அது பயன்படலாம். அதையும் யாரேனும் கேட்டுவிட்டால் சங்கடம்.

பகுதிநேர ஆய்வுக்கு உங்கள் துறை தரும் தடையின்மைச் சான்றில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாக ஆய்வு செய்ய அனுமதிக்கப்படுகிறீர்கள் என்பது, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க உங்கள் பணி இடம்தருகிறது என்பது, தேவைப்பட்டால் பாடநெறிப் படிப்புக்காக (ஆய்வாளர் வகுப்பில் அமர்ந்து முடிக்க வேண்டிய பாடங்களுக்காக) விடுவிக்கப்படுவீர்கள் என்பது. பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். தலைமையாசிரியர் நல்ல மனத்தோடு முதலிரண்டை எழுதிக் கொடுத்துவிடுவார். மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஒருவரைப் பருவத்தின் நடுவில் விடுவிப்பதாக எழுத யாருக்கும் கை வராது. ஆகவே பாடநெறி வகுப்புகள் எந்த நாள்களில் நடக்கும் என்பதை ஆய்வு மையத்தில் முதலில் கேட்டறிந்து, அந்த விவரத்தையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

முதுகலையில் 55 விழுக்காடு தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. காலம் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டுச் சலுகை இருக்கிறது. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழோடு வயதையும் பாருங்கள்: ஓய்வுபெற மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ள இயலாது.

இந்தப் பட்டம் எதற்கு என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. 2023 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி நெட், செட், ஸ்லெட் என்ற தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளுள் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி. வேலை மாற்றம்தான் நோக்கம் என்றால் ஆறாண்டு ஆய்வைவிட ஆறு மாதத் தேர்வுத் தயாரிப்பு உங்களுக்கு உகந்தது. ஏதேனும் ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்றால் மட்டும் ஆய்வுக்கு வாருங்கள். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் பக்கத்திலேயே இருக்கும்போது, ஆய்வுக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை என்பது நீங்கள் பெற்ற பேறு.

கேள்வி: பத்தாம் வகுப்போடு திருமணமாகிவிட்டது. இப்போது வயது 38. தையல் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலே நேரடியாகப் பட்டம் பெறலாம் என்று ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்பது என் ஆசை.
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மா, அரசுத் தேர்வுதான் குறிக்கோள் என்றால் அந்தக் குறுக்கு வழி வேண்டாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தை அரசு நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்று 2009 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. பட்டம் உண்மையானதாகவே இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று, அதுவும் தேர்வில் வென்ற பிறகு, அது உங்களைக் கைவிட்டுவிடும். அப்படி அழுதுகொண்டே வெளியே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை எழுதுவதே உங்களுக்கு நேர்வழி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாள்களில், உங்கள் கல்வி மாவட்டத்துக்கான சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலைப் பிரிவுப் பாடங்களை எடுத்தால் செய்முறைத் தேர்வுச் சுமை இருக்காது. பாடநூல்கள் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அக்கம்பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் கேட்டாலும் கொடுப்பார்கள். இன்னொரு செய்தி: பத்தாம் வகுப்பையே தகுதியாகக் கொண்ட தொகுதி நான்கு (குரூப் 4) தேர்வு உங்களுக்கு இப்போதே திறந்திருக்கக்கூடும். உங்கள் பிரிவுக்குரிய வயது வரம்பைத் தேர்வாணைய அறிவிக்கையில் பார்த்துவிட்டு, பட்டம் வரும் வரை காத்திராமல் அதை எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலை வேலை. இயந்திரவியல் பட்டயம் படித்தவன். தொலைநிலையில் பி.இ. உண்டா? ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தொலைநிலையில் பி.இ. கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அப்படி வழங்கிய பட்டங்கள் உச்ச நீதிமன்றத்தின் 2017 நவம்பர் தீர்ப்பில் என்ன பாடுபட்டன என்பதை உங்கள் தொழிற்சாலையிலேயே மூத்த பணியாளர் யாரேனும் சொல்லக்கூடும். பட்டயம் படித்துப் பணிபுரிவோருக்கு மாலை வகுப்பாக நடத்தப்படும் பி.இ. உண்டு, தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 முதல் இதற்கெனத் தனித் திட்டமே வகுத்திருக்கிறது. பணி அனுபவமும், கல்லூரிக்கும் பணியிடத்துக்கும் இடையிலான தொலைவு வரம்பும் நிபந்தனைகள். சேரும் முன் உங்கள் மேலாளரிடம் ஷிப்ட் பற்றிப் பேசுங்கள். சுழற்சி ஷிப்டில் இரவுப் பணி வரும் வாரங்களில் வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. மாலை வகுப்பில் இடையில் நின்றவர்களில் நான் அறிந்த பலர் பாடம் கடினம் என்று நிற்கவில்லை, ஷிப்ட் ஒத்துவராமல்தான் நின்றார்கள்.

கணினிப் பக்கம் போக விருப்பமிருந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. நுழைவுக்கு முன் நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. பாடங்கள் இணையத்தில், தேர்வுகள் நேரில். பாதியில் நின்றாலும் அந்தந்த நிலைக்குரிய சான்றிதழ் கிடைக்கும்.

இரண்டு பட்டம் ஒரே நேரத்தில் படிக்க 2022 ஏப்ரலில் அனுமதி வந்தது உண்மை: நேரடி வகுப்பு ஒன்றும் தொலைநிலை ஒன்றும், அல்லது இரண்டும் தொலைநிலையில் படிக்கலாம், வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டும் நேரடியாகவும் படிக்கலாம். எட்டு மணி நேர வேலையோடு மாலை வகுப்பையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று எதற்கு?

கேள்வி: வங்கியில் ஓய்வுபெற்றவன், வயது 63. பி.காம். படித்தேன். எம்.ஏ. தமிழ் படிக்க ஆசை. வயது தடையா? துணைவியார் சிரிக்கிறார்.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: தொலைநிலை எம்.ஏ. தமிழுக்கு உயர் வயது வரம்பு இல்லை. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ‘கிராஸ் மேஜர்’ உங்களுக்குக் கவலையில்லை. முன் அனுமதி வேண்டாம், தடையின்மைச் சான்று வேண்டாம், ஜனவரி முதல் நாளை எண்ணிக் காத்திருக்க வேண்டாம். இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பியவர்களில், எந்த அலுவலகத்தையும் கேட்காமல் சேரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நன்னூலை முன்கூட்டியே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத் தாளின்போது கைகொடுக்கும். துணைவியாருக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் சேர்த்து வாங்கி வாருங்கள்.